கழித்த இரண்டு பாடம்

பதிவுக் கிளையில் இருந்த பிள்ளை
என் டிப்ளோமாவை இரண்டுதரம் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கத்திலும் ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல.
"இதுக்கு இரண்டு பாடம் கழிக்கலாம் அக்கா.
மிச்சமெல்லாம் முதலில இருந்து."

கிளிநொச்சியில் மின்விசிறி சுற்றாத வகுப்பில்
இரண்டரை வருடம்.
மாங்குளத்தில் கடன் கொம்பனியில் நாலு வருடம்,
செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டியில் கிரவல் றோட்டு.
எல்லாம் சேர்த்து இரண்டு.
கூட்டிக் கழிக்கத் தெரிந்தவள்,
வாயைத் திறக்கவில்லை.

காலை ஐந்து நாற்பதுக்குச் சந்தியில் பஸ்.
கனகராயன்குளத்தில் ஒரு மூட்டை வெண்டிக்காய் ஏறும்.
புளியங்குளத்தில் சொந்தக்காரர் இறங்கிவிட
வெண்டிக்காய் மட்டும் வவுனியா வரை
என் காலடியில் வரும்.
பிறகு மற்ற பஸ்.
பம்பைமடுவில் இறங்கும்போது
செருப்பில் இரண்டு மாவட்டத்துப் புழுதி.

எனக்கு இருபத்தெட்டு.
லெக்சரர் என்று நினைத்து முதல்நாள்
மூன்று பேர் எழும்பி நின்றார்கள்.
நானும் நின்றேன்,
எங்கே இருப்பது என்று தெரியாமல்.

எல்லாம் இங்கிலிஷ்.
வரவு என்று பழகியது டெபிட்,
பெறுமானத் தேய்வு டிப்ரிசியேஷன்.
கொப்பியின் ஓரத்தில் பென்சிலால்
ஒவ்வொன்றுக்கும் தமிழை எழுதிவைத்தேன்,
பழைய வீட்டு ஆட்களுக்குப் புதுவீட்டில்
அறை காட்டுவதுபோல.
மிதுசன் எட்டிப் பார்த்தான்.
"கிரெடிட் எண்டால் செலவோ அக்கா?
அப்ப செலவழிச்சால் கிரெடிட்டோ?"
"இல்லையடா, செலவழிச்சால் வரவில எழுதோணும்."
அவன் பார்த்த பார்வையில்
எனக்கே அது ஒருகணம் பகிடியாகப் பட்டது.

நாலாம் கிழமை, ஐயக்கடன் ஏற்பாடு.
திரையில் ஒரே வரி:
கடன்பட்டோரில் ஐந்து வீதம்.

அந்த ஐந்து வீதத்தை எனக்குத் தெரியும்.
ஒலுமடுவில் தகரப் படலை.
அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.
சிவயோகம் வீட்டில் இல்லை என்று
சிவயோகத்தின் குரல்தான் சொன்னது.
'இல்லை' என்று பதிந்துவிட்டுத் திரும்பினேன்.
அடுத்த செவ்வாய் தானே சந்திக்கு வந்து
ஆயிரத்து நானூற்றைம்பதை
ஸ்கூட்டி சீற்றில் எண்ணிவைத்தாள்.
கச்சான் பிடுங்கப் போன காசு,
தாளில் மண்.
பற்றுச்சீட்டை மடிக்கும்போது கேட்டாள்:
"தங்கச்சி, நான் எடுத்தது நாப்பது.
கட்டினது நாப்பத்தாறு.
பிறகேன் இன்னும் பதினெட்டு நிக்குது?"

அந்தப் பதினெட்டை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
டிப்ளோமா எனக்குச் சொல்லித்தந்திருந்தது.
எழுதினேன். சதம் பிழைக்காமல் பரீட்சை மீதி சமப்பட்டது.
அவளுக்குச் சொல்ல எந்தப் பத்தியிலும்
ஒன்றும் இருக்கவில்லை.
அன்றிரவுதான் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன்.
"டிகிரியோடு வா, கிளையே உனக்கு" என்றார் மனேஜர்.
சிரித்தேன்.
அதைச் சம்மதம் என்று பதிந்துகொண்டார்.

வகுப்பில் கை உயர்த்திக் கேட்டேன்,
சிவயோகத்தின் கேள்வியை, பெயரை எடுத்துவிட்டு,
என்னால் முடிந்த இங்கிலிஷில்.
"நல்ல கேள்வி. அது மூன்றாம் வருஷம் வரும்."

மூன்றாம் வருடம் வரும்வரை
செவ்வாய்க்கிழமைகள் நிற்குமா?

கழித்த இரண்டு பாடமும் வியாழன் பின்னேரம்.
மற்றவர்கள் வகுப்பில். நான் கன்ரீனில்.
பிளேன்ரீ ஆற, அவளுடைய கட்டுப்பண அட்டையின் படத்தைப்
போனில் பெரிதாக்கிக்
கிழமை கிழமையாகத் திரும்ப எழுதுகிறேன்.

ஏழாம் கிழமைத் தண்டப்பணம்
இரண்டுதரம் விழுந்திருக்கிறது.
அதன்மேல் வட்டி. வட்டிமேல் தண்டம்.
இரண்டு பக்கத்திலும் ஒரே பிழை விழுந்தால்
மீதி சமப்பட்டுத்தானே நிற்கும்.

இன்னும் பெரிதாக்கினேன்.
ஏழாம் கிழமைக் கையெழுத்து
என்னுடையது.

நாளைக்கு விரிவுரை இல்லை.
ஒலுமடுவுக்குப் பஸ் ஒன்பது மணிக்கு.